சுவருக்கு ஒரு மருந்து, தோலுக்கு ஒரு மருந்து

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது வித்துரா. கல்லாற்றைத் தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொரு பக்கம் போணக்காடு தேயிலைத் தோட்டம். அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடக்கத் தொடங்குவது அங்கிருந்துதான். கீழே பேப்பாறை அணை. ரப்பரும் வாழையும் மரச்சீனியும் காணிக்காரர் குடியிருப்புகளும், தோட்ட வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் கலந்த ஊர். மழை அதிகம். அதனால் கடிக்கிற உயிர்களும் அதிகம்.

ரப்பர்ப் பால் வடியும் சிரட்டையில் மழைநீர் நின்றால் அதில் புலிக்கொசு பெருகும். 2006, 2007ஆம் ஆண்டுகளில் கேரளத்தை முடக்கிய சிக்குன்குனியாவில் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பெரிய பங்கு இருந்தது. ஈரமான இலைச் சருகில் அட்டை. மாட்டுத் தொழுவத்தில் உண்ணி. புதர்களில், கண்ணுக்கே தெரியாத செள்ளு. அது கடித்து வருவதைத்தான் மலையாளத்தில் செள்ளுப்பனி என்றும் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறோம். பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகள் தலையில் பேன். இத்தனைக்கும் நடுவே, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற ஒரு பூச்சி ஸ்பிரே டப்பா. அதைச் சுவர் மூலைக்கு அடிக்கிற கை ஒரு நாள் காலுக்கும் அடித்துப் பார்க்கிறது. கரப்பானைக் கொல்கிற மருந்து அட்டையையும் பேனையும் கொல்லாதா என்ன?

கொல்லலாம். அதனாலேயே இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. ‘அது விஷம், தோலில் பூசாதே’ என்று சொல்லி முடித்துவிடவும் முடியாது. சிரங்குக்கு மருத்துவர் எழுதித் தரும் பெர்மெத்ரின் களிம்பும் ஒரு பூச்சிக்கொல்லிதானே?

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் 1973இல் அறிமுகப்படுத்திய பெர்மெத்ரின், சாமந்தி இனப் பூவொன்றிலிருந்து கிடைக்கும் பைரித்ரம் என்ற இயற்கை நஞ்சைப் பார்த்துச் செய்த மூலக்கூறு. இப்படிச் செய்யப்படும் பைரித்ராய்டுகளில், வெயிலில் சிதையாத முதல் தலைமுறையைச் சேர்ந்தது. பருத்திக் காட்டுக்குப் போனது, கொசுவலைக்குப் போனது, கடைசியில் மருந்துக் கடைக்கும் வந்தது. சிரங்குக் களிம்பில் அது 5 விழுக்காடு இருக்கிறது. 30 கிராம் குழாய் ஒன்றைக் கழுத்திலிருந்து பாதம் வரை பூசினால் ஒன்றரை கிராம் பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறி உட்காருகிறது. எட்டு முதல் பதினான்கு மணி நேரம் அப்படியே இருக்கிறது. வீட்டு ஸ்பிரேயில் பூச்சிக்கொல்லியின் அளவு பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. கணக்கு மட்டும் பார்த்தால் டப்பாவை விடக் களிம்புதான் பயங்கரமாகத் தெரிய வேண்டும். ஆனால் களிம்பை இரண்டு மாதக் குழந்தைக்கும் மருத்துவர் எழுதுகிறார். டப்பாவை யாரும் எழுத மாட்டார்.

இந்த முரணை அவிழ்க்காமல் சொல்லப்படும் எச்சரிக்கைகள் மக்கள் காதில் ஏறுவதில்லை என்பது என் எண்ணம். பத்து விழுக்காடு விஷம் கெட்டது, ஒரு விழுக்காடு நல்லது என்கிற எளிய கணக்கு இங்கே உதவாது. நஞ்சின் பெயரும் அளவும் விஷயத்தில் பாதிதான். எதில் கரைத்திருக்கிறார்கள், எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள், உடம்பின் எந்த இடத்தில், எப்படிப்பட்ட தோலின் மேல் படுகிறது என்பது மறுபாதி. அந்த மறுபாதியை வரலாறு சில தடவை கடுமையாகவே காட்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 கடைசியில், இத்தாலியின் நேபிள்ஸ் நகரத்தில் உடைப்பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சல் மூண்டது. நேச நாட்டுப் படையினர் நகர மக்களை வரிசையில் நிறுத்தி, சட்டைக் கழுத்துக்குள்ளும் கைக்குள்ளும் டி.டி.டி. தூளைப் பீய்ச்சினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படித் தூவியதில் காய்ச்சல் அடங்கியது; தூளால் யாரும் கொத்துக் கொத்தாக விழவில்லை. டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்ட பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தக் காட்சியும் ஒரு காரணம். நம் ஊரில் ஒரு தலைமுறையே டி.டி.டி. பவுடரைத் தலையில் தேய்த்துக்கொண்ட துணிச்சலும் ஏறத்தாழ அங்கிருந்து வந்ததுதான். பலரும் கவனிக்காதது ஒன்று: உலர்ந்த தூளாக இருக்கும்வரை டி.டி.டி. தோல் வழியே மிகக் குறைவாகவே உள்ளே போகும். அதையே எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ கரைத்துவிட்டால் தாராளமாகப் போகும். நஞ்சு மாறவில்லை, அதைச் சுமந்து வரும் திரவம் மாறிவிட்டது.

வீட்டு ஸ்பிரேக்களின் சிக்கல் பெரிதும் இங்கேதான். பல டப்பாக்களில் பூச்சிக்கொல்லி, வாசனை நீக்கிய மண்ணெண்ணெயில் கரைந்திருக்கிறது; தள்ளி வெளியேற்றுவது எரிவாயு. தோலின் மேலடுக்கு, கொழுப்புச் சாந்து பூசிக் கட்டிய செங்கல் சுவர் மாதிரி. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. நம்மை வெளியுலகத்திலிருந்து பிரிப்பது அவ்வளவுதான். மண்ணெண்ணெய் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும். எரிச்சல், சிவப்பு, நேரம் போனால் கொப்புளம், வெந்தது போன்ற புண். பேனுக்கு மண்ணெண்ணெய் தேய்த்துத் துணியால் இறுக்கிக் கட்டுகிற பழைய வழக்கத்தில் உச்சந்தலை வெந்துபோவது இதனால்தான். அடுப்பருகே போனால் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. நெருக்கிப் பிடித்து அடித்தால் வாயு விரியும் குளிர்ச்சியிலேயே தோல் கருகும்.

சுத்தம் என்ற விஷயத்துக்கு 1976இல் பாகிஸ்தானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மலேரியா ஒழிப்புக்காக வீட்டுச் சுவர்களில் மாலத்தியான் அடிக்கும் வேலையில் இருந்த ஏழாயிரத்து ஐநூறு பேரில் சுமார் 2,800 பேருக்கு நஞ்சேறியது. ஐந்து பேர் இறந்தார்கள். மாலத்தியான், ஆர்கனோபாஸ்பேட் என்ற குடும்பத்து நஞ்சுகளில் ஓரளவு சாது. பேனுக்கான மருந்து லோஷனாகவும் சில நாடுகளில் விற்கப்படுவது. பாகிஸ்தானுக்குப் போன சரக்கில் ஐசோமாலத்தியான் என்ற கலப்பு கூடியிருந்தது. அது, மாலத்தியானை உடைத்து வெளியேற்றும் உடம்பின் நொதியையே முடக்கிவிடும். போதாததற்குத் தொழிலாளர்கள் அதைக் கையால் கலக்கினார்கள், நனைந்த சட்டையோடு நாள் முழுக்க நின்றார்கள். மருந்துக் கடைக்குப் போகும் மாலத்தியானும் தெளிப்பான் வாளிக்குப் போகும் மாலத்தியானும் பெயரளவில்தான் ஒன்று. பூச்சிக்கொல்லித் தொழிற்சாலை மனிதத் தோலை நினைத்துத் தன் சரக்கைச் சுத்திகரிப்பதில்லை. அதற்கு அப்படி ஒரு கடமையும் இல்லை.

கேரளத்துக்கு இந்தப் பாடம் அதற்கும் முன்பே கிடைத்திருந்தது, வேறு வழியில். 1958இல், கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியோடு சேர்த்து ஏற்றி வந்த உணவுப் பண்டங்களில் அந்த நஞ்சு கசிந்து, அதைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் இறந்தார்கள். பாரத்தியானின் வணிகப் பெயர் ஃபாலிடால். தமிழ் சினிமாவில் ‘பாலிடால்’ என்று புழங்கியது அதுதான். நடுவண் அரசு விசாரணை வைத்தது. அந்த விசாரணையில் தொடங்கிய வேலை பத்தாண்டு கழித்து 1968இன் பூச்சிக்கொல்லிச் சட்டமாக முடிந்தது. விதிகள் 1971இல் வந்தன. இன்று ஒவ்வொரு டப்பாவிலும் நாம் பார்க்கிற சாய்சதுரமும் அதில் பாதியை நிரப்பும் நிறமும் அந்த விதிகளில் உள்ளவை. சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்தது.

இந்த நிறங்களை நம்பித் தோலில் பூசலாமா என்று பார்த்தால், கூடாது. விதிகள் வாய் வழி அளவையும் தோல் வழி அளவையும் தனித்தனியே சொல்கின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை வாய் வழியே போய்ச் சோதனை விலங்குகளில் பாதி இறந்தால் சிவப்பு. தோல் வழியே என்றால் 200 மில்லிகிராம் வரை சிவப்பு. பச்சை வாங்க, வாய் வழி அளவு 5,000 மில்லிகிராமையும் தோல் வழி அளவு 20,000 மில்லிகிராமையும் தாண்ட வேண்டும். இந்த அளவுகோல் அளப்பது சாவை மட்டுமே. எரிச்சல், ஒவ்வாமை, குழந்தைக்கு வரும் வலிப்பு, கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த நிறத்துக்குள் இல்லை. பச்சை முக்கோணத்தைப் பார்த்துவிட்டு ‘பச்சைதானே’ என்று கையில் தேய்ப்பவர், சட்டம் சொல்லாத ஒன்றைச் சட்டம் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார். கடுகளவு எழுத்தில் ஆங்கிலமும் இந்தியும் ஓரிரு மாநில மொழிகளும் அச்சாகி டப்பாவோடு வரும் துண்டுத் தாளை யார் படிக்கிறார்கள் என்ற கேள்வி வேறு. போணக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில், மலையாளம் சரளமாகப் பேசியும் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அந்தத் தாள் எதுவுமே சொல்லாது.

தோலுக்கு வருவோம். தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதை 1971இல் ஹோவர்ட் மெய்பாக்கும் உடன் ஆய்ந்தவர்களும் தன்னார்வலர்களின் உடம்பில் மிகச் சிறிய அளவு பாரத்தியானைத் தடவி அளந்தார்கள். (இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது.) முன்கையில் தடவியதில் சுமார் 8.6 விழுக்காடு உள்ளே போனது. உச்சந்தலையில் 32 விழுக்காடு. நெற்றியில் 36. அக்குளில் 64. விதைப்பையில் தடவியது ஏறத்தாழ முழுவதும். முன்கையில் ஒரு துளி தடவிப் பார்த்து ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவு செய்து, அதையே பிள்ளையின் தலையில் ஊற்றுகிறவர் ஏறத்தாழ நான்கு மடங்கு நஞ்சை உள்ளே அனுப்புகிறார். அட்டை ஏறாதிருக்கத் தொடை இடுக்கு வரை அடித்துக்கொள்பவர் எங்கே அடிக்கிறார் என்பதையும் இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த எண்களும் முழுத் தோலுக்கு உரியவை. அட்டை கடித்த இடத்தில் தோல் முழுசாக இல்லை. ஹிருடின் போன்ற, இரத்தம் உறையவிடாத பொருளை அட்டை உள்ளே விட்டிருப்பதால் காயம் நீண்ட நேரம் திறந்தே கசியும். கொசுக்கடியைச் சொறிந்த நகக்கீறலும், சிரங்குப் புண்ணும் அப்படியே. அதன் மேல் ஸ்பிரே அடிப்பது, பூட்டிய கதவைத் திறந்து வைத்துவிட்டு அழைப்பது. வியர்வையும் வெப்பமும் உறிஞ்சலைக் கூட்டும். இறுக்கமான சாக்ஸுக்குள்ளோ, தலையில் கட்டிய துண்டுக்குள்ளோ அடைத்து வைப்பது இன்னும் கூட்டும். கைக்குழந்தைக்கு உடல் எடையோடு ஒப்பிட்ட தோல் பரப்பு, பெரியவர்களை விட இரண்டு மடங்குக்கும் மேல்.

பைரித்ராய்டு தோலில் படும்போது ஏற்படும் உணர்வை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். பூச்சியின் நரம்பில் சோடியம் செல்லும் வாயில்களை மூட விடாமல் திறந்தே வைப்பதுதான் இந்த மருந்துகளின் வேலை; நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி விழும். நம் தோலின் நுனி நரம்பிலும் அதே வாயில்கள் உண்டு. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற, சயனோ தொகுதி சேர்ந்த வகைகள் பட்டால் அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் குத்தல், ஊசி குத்துவது போன்ற மதமதப்பு, சூடு, முகத்தில் எறும்பு ஓடுவது போன்ற உணர்வு. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகவே போய்விடும். தோல் பார்க்கச் சாதாரணமாகவே இருக்கும். மனிதர் பூச்சியைப் போல விழாததற்கு மூன்று காரணங்கள் பேசப்படுகின்றன: உடல் சூடு, உடலின் பெரிய அளவு, அதைவிட முக்கியமாக இதை உடைத்துத் தள்ளும் ஈரல். அதனால்தான் பெர்மெத்ரின் களிம்பு மருந்தாக இருக்க முடிகிறது. பூசியதில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் உள்ளே போகிறது, போனதும் சிதைகிறது. பூனைக்கு அந்த ஈரல் வசதி இல்லை. நாய் உண்ணிக்கான பெர்மெத்ரின் சொட்டைப் பூனைக்கு வைத்து அது வலிப்பு வந்து சாவது கால்நடை மருத்துவருக்குப் பழக்கமான செய்தி.

இவ்வளவும் பைரித்ராய்டுகளைப் பற்றி. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகை வேறு கதை. மூட்டைப்பூச்சிக்கென்று ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்த டிக்-20இல் இருந்தது ஃபெனிட்ரோத்தியான். வீட்டு ஈக்கும் கொசுவுக்கும் அடித்த டைக்ளோர்வாஸ் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டது. நரம்பும் தசையும் பேசிக்கொள்ளும் இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்யும் கோலினெஸ்டரேஸ் நொதியை இவை முடக்கும். எச்சில், வியர்வை, கண்ணீர், வாந்தி, வயிற்றுப்போக்கு, ஊசிமுனையாகச் சுருங்கும் கண்மணி, கடைசியில் மூச்சுத் தசை செயலிழப்பு. வயலுக்கு அடிக்கும் மருந்துகளில் இந்த வகையைச் சேர்ந்தவை இன்னும் இருக்கின்றன. 2019 ஜனவரியில் திருவல்லைக்கு அருகே பெரிங்கரையில் நெல்வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக் காட்டில் மருந்தடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் யாரும் மருந்தைக் குடிக்கவில்லை. மூச்சும் தோலும் நனைந்த சட்டையும் போதுமானவையாக இருந்தன. வயலுக்கு வாங்கி மீந்ததையும் மாட்டு உண்ணிக்கு வாங்கிய டெல்டாமெத்ரின் புட்டியையும் ஒரே பலகையில் வைத்திருக்கிற வீட்டில், பேனுக்கு எதை எடுப்பது என்பது அந்த நேரத்துக் கை வாக்கு. மாட்டுக்கானது, லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லி கலக்க வேண்டிய செறிவு. கலக்காமல் தலைக்குப் போனால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பேன் விஷயத்தில் இன்னொரு ஏமாற்றமும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. உலகின் பல இடங்களில் பேன்கள் பெர்மெத்ரினுக்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டன. அவற்றின் சோடியம் வாயில் மரபணுவிலேயே மாறிவிட்டது. மருந்துக் கடை லோஷனில் பேன் சாகவில்லை, ஆகவே வலுவான ஸ்பிரே வேண்டும் என்று தாய் நினைக்கிறார். ஸ்பிரேயிலும் கரப்பான் சாக்பீஸிலும் இருப்பது அதே குடும்பத்து நஞ்சு. லோஷனை ஏமாற்றிய பேன் ஸ்பிரேயையும் ஏமாற்றும். இடையில் மாட்டிக்கொள்வது குழந்தையின் உச்சந்தலை. லோஷன் தோற்றதாகத் தோன்றுவதற்குப் பாதி காரணம் வேறு: பெர்மெத்ரின் எல்லா ஈரையும் கொல்லாது, ஈர் பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், எனவே அந்த இடைவெளியில் மறுபடி பூச வேண்டும். ஒரு விழுக்காட்டு லோஷன், கழுவித் துடைத்த தலையில் பத்து நிமிடம், பிறகு அலசல், ஒன்பது நாள் கழித்து இன்னொரு முறை. நடுவே ஈரத் தலையில் பேன் சீப்பு. சலிப்பான வேலைதான். ஆனால் சீப்புக்கு எதிர்ப்பு பெற்ற பேன் இன்னும் பிறக்கவில்லை.

மருந்துக் கடையில் இருந்ததெல்லாம் என்றென்றும் பாதுகாப்பானது என்றும் இல்லை. சிரங்குக்கும் பேனுக்கும் பல பத்தாண்டுகள் கொடுத்த காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு லோஷன், நம்மூர் கேமாக்சின் தூளின் சுத்திகரித்த வடிவம்தான். லிண்டேன் என்பது அதன் பெயர். உடல் கொழுப்பில் தங்கும். குழந்தைகளுக்கும் ஒல்லியானவர்களுக்கும் வலிப்பு வந்ததால் அமெரிக்காவில் 2003இல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கைப் பெட்டி அச்சிட்டார்கள். கேமாக்சினை இந்தியா 1997இலும், லிண்டேன் உற்பத்தியை 2011இலும் பயன்பாட்டை 2013இலும் தடை செய்தது. கேரளத்தவருக்குக் காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்ஃபானின் நினைவு இருக்கும். 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதும் நிறுத்தியது. பூச்சிக்கொல்லி என்ற சொல்லைக் கேட்டாலே இந்த மாநிலத்தில் ஓர் அச்சம் எழுவதற்கு நியாயம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த அச்சம் தோட்டத்துத் தெளிப்பான் மேல் இருக்கிறது. சமையலறை அலமாரி டப்பா மேல் இல்லை.

அச்சம் கொண்டவர்கள் அடுத்துப் போவது ‘இயற்கை’க்கு. அட்டைக்கு உப்பு, சுண்ணாம்பு, புகையிலை. உப்பு சரி, எரியும், அவ்வளவுதான். புகையிலையின் நிகோடின் தோல் வழியே போகக்கூடியது. ஈரப் புகையிலை இலை பறிக்கும் தொழிலாளர்களுக்கு வாந்தியும் மயக்கமும் வருவது மருத்துவத்தில் தனிப் பெயர் பெற்ற நோய். மாடித் தோட்டத்தில் செடிப்பேனுக்குத் தெளிக்கும் புகையிலைக் கஷாயமும் ஒரு பூச்சிக்கொல்லிதான், முத்திரை ஒட்டாத பூச்சிக்கொல்லி. பேனுக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். கற்பூரம் குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும், அதுவும் வாய்க்குள் போனால் மிகச் சிறிய அளவே போதும். 1981இல் மலேசிய மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதியது இன்னும் கசப்பானது: இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் ஈரலும் மூளையும் பாதித்த நிகழ்வுகள். அது வாய் வழி, தோல் வழி அல்ல. ஆனாலும் ‘வேம்புதானே’ என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் கூட்டிப் போகும் என்பதற்கு அது போதும்.

வித்துரா போன்ற இடத்தில் தோலைக் காப்பது உண்மையான தேவை. 2022 ஜூன் மாதம் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் வர்க்கலையிலும் பாறசாலையிலும் அடுத்தடுத்து இருவர் உண்ணிக் காய்ச்சலில் இறந்தார்கள். ஸ்பிரேயைக் காலில் அடிக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், புதருக்குள் வேலைக்குப் போகிறவருக்குக் கொடுத்த பதில் எது? தோலுக்கென்றே செய்த விரட்டிகள் இருக்கின்றன. அவை கொல்வதில்லை, கிட்டே வராமல் செய்கின்றன. டீட், 1940களில் அமெரிக்கப் படைக்காக உருவாகி, 1957இல் பொதுமக்களுக்கு வந்தது. குவாலியரில் உள்ள நம் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கிய டீப்பாவைக் கர்நாடகத்தின் குரங்குக் காய்ச்சல் பகுதிகளில், காட்டுக்குள் போகிறவர்களுக்கு எண்ணெயாக அரசே கொடுக்கிறது. கடையில் கிடைக்கும் கொசு விரட்டிக் களிம்பில் இருப்பது அவற்றின் உறவு மூலக்கூறு. இவற்றையும் கை கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் எரியும், இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக் கூடாது, வெட்டுக்காயத்தில் படக் கூடாது. ஆனால் அவற்றைத் தோலில் வைத்துத்தான் சோதித்தார்கள்.

பெர்மெத்ரினுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு, அது துணி. அமெரிக்கப் படையினர் 1991 முதல் சீருடையில் அதை ஏற்றுகிறார்கள்; நம் மலேரியாத் திட்டம் கொசுவலையில் அதன் உறவினர்களை ஏற்றிக் கொடுக்கிறது. காய்ந்த துணியில் பிடித்துக்கொண்ட மருந்து தோலுக்குள் அவ்வளவாக இறங்காது. ஏறி வரும் செள்ளுக்கு அது போதும். ரப்பர் வெட்டுகிறவருக்கும் வனத்துறைக் காவலருக்கும் மலையேற வருகிற மாணவருக்கும், மருந்தேற்றிய காலுறை ஒரு ஜோடி கிடைத்தால் ஸ்பிரே டப்பாவை எடுக்கத் தேவை இராது. அகத்தியர்கூடம் ஏற அனுமதி தருகிற வனத்துறை அட்டைச் சாக்ஸையும் கட்டாயப் பட்டியலில் சேர்க்கலாம். தோட்ட முதலாளிகளும் ரப்பர் வாரியமும் இதை யோசிக்கலாம் என்பது என் ஆசை. இதுவரை கொசுவத்தியை டப்பாவில் வைத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பால் வெட்டுவதுதான் தொழிலாளியின் சொந்த ஏற்பாடு.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது அடித்துக்கொண்டுதான் தீருவார்கள், அல்லது தெரியாமல் மேலே கொட்டிக்கொள்வார்கள். நனைந்த துணியை உடனே கழற்ற வேண்டும். பட்ட இடத்தை, தலையிலிருந்து நகக்கண் வரை, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், சூடு குத்தலைக் கூட்டும். கழுவுகிறவர் கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ள வேண்டும். பைரித்ராய்டுக் குத்தலுக்கு வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால் தணியும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீர். வாந்தி, மயக்கம், எச்சில் பெருக்கு, மூச்சுத் திணறல், துடிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தாலும், குழந்தையாக இருந்தாலும், வித்துரா தாலுகா ஆசுபத்திரி. கேரளத்தின் திசா உதவி எண் 1056. தில்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையம் 1800 116 117.

ஆசுபத்திரிக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு கொண்டு போக வேண்டும். சீனத்தில் 1983 முதல் 1988 வரை பதிவான 573 பைரித்ராய்டு நஞ்சேற்றங்களைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஒரு விபரீதத்தையும் எழுதிவைத்தார்கள். எச்சில் ஒழுகுவதைப் பார்த்து ஆர்கனோபாஸ்பேட் என்று எண்ணி அதன் மாற்று மருந்தான அட்ரோபினை அள்ளிக் கொடுத்ததில், அட்ரோபினாலேயே ஒருவர் இறந்துபோனார். எது என்று தெரியாத விஷத்துக்கு வைத்தியம் பார்ப்பது மருத்துவருக்கும் சூதாட்டம்தான். சுவரில் அடிக்கும்போது யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்துப் பெயர்தான் அவசரச் சிகிச்சை அறையில் முதல் தகவல்.